சனிக்கிழமைக் கார்ட்டூன் கேசட்டுகளை மீட்பது எப்படி

பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டை டெக்கில் (அதை ஓட்டும் விசிஆரில்) தள்ளுவதற்கு முன் கேசட்டின் ஜன்னலில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரம் கருகருவென்று வழவழப்பாக இருக்க வேண்டும். மாவு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டோ, ஒட்டடை மாதிரி இழையோ தெரிந்தால் பூசணம். பினாங்கின் ஈரக்காற்றில் முப்பது வருஷம் அலமாரி மேல்தட்டில் கிடந்த கேசட்டில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அப்படியே ஓட்டினால் ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும்போது நாடா கிழியும். தூள் டெக்குக்குள் சுழலும் டிரம்மில் அப்பி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் வாங்கி வந்ததையும் சோதிக்கும்வரை வீட்டுக் கேசட்டுகளோடு சேர்க்காதீர்கள்.

பூசணம் பிடித்ததைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவிலோ, கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை பாக்ஸிலோ இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஈரப்பதம் 35 முதல் 40 சதவீதம் போதும். ஈரப் பூசணத்தைத் துடைத்தால் இழுபடும், காய்ந்தது தூளாக உதிரும். அவசரப்பட்டு வெயிலில் வைக்க இது வடகம் இல்லை: சூட்டில் கூடும் வளையும், நாடாவும் நெளியும்.

காய்ந்த பிறகு முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வராந்தாவில் வேலையைத் தொடங்குங்கள். கூட்டின் அடியில் 5 திருகாணிகள் இருக்கும். மூடியைத் தூக்கிய உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா போகும் வழியும் குட்டி ஸ்பிரிங் இருந்த இடமும் பிறகு நினைவுக்கு வராது. சுருளின் ஓரத்தை நூல் பிரியாத உலர்ந்த துணியால் துடைத்து, வேண்டாத கேசட் ஒன்றின் சுத்தமான கூட்டுக்கு மாற்றுங்கள். நாடாவில் ஸ்பிரிட் தடவாதீர்கள். துடைத்த கேசட்டை முதலில் போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் பழைய டெக்கில் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். முதுகுப்பக்க ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிடுங்கள். கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் கார்ட்டூன் அழியாது.

நல்ல டெக்கின் ஹெட்டை (டிரம்மில் பதிந்து நாடாவைப் படிக்கும் நுண்ணிய முனை) சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும். ஃபார்மசியில் சுலபமாகக் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர். மெல்லிய வெள்ளைத் தாளை அந்த 99 சதவீத ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் வைத்து, மறுகையால் டிரம்மின் மேல்பகுதியை மெதுவாகச் சுழற்றுங்கள். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறியும். காதுக் குச்சியின் பஞ்சு ஹெட்டில் சிக்கிக்கொள்ளும், அதுவும் வேண்டாம். கால் மணி நேரம் காயவிட்டு ஓட்டுங்கள்.

மலேசிய ஒளிபரப்பு “பால்” முறை (குடிக்கிற பால் இல்லை): 625 வரி, விநாடிக்கு 25 பிரேம். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த கடைக் கேசட் என்டிஎஸ்சி: 525 வரி, 29.97 பிரேம். லேபிளில் இ-180 என்றிருந்தால் பால் கணக்கு, டி-120 என்றிருந்தால் என்டிஎஸ்சி கணக்கு. வெற்றுக் கேசட்டை எந்த நாட்டிலும் பதிவு செய்யலாம் என்பதால் இது குறிப்பு மட்டும்தான். இ-180ல் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம், எல்பி (லாங் பிளே) என்ற பாதி வேகத்தில் 6 மணி நேரம் பிடிக்கும். கேசட் மிச்சம் பிடிக்க எல்பியில் எடுத்தவை வேறு டெக்கில் கோடு கோடாக ஓடும். டிராக்கிங்கை (ஹெட் நாடாவின் தடத்தோடு பொருந்தி ஓடும் அமைப்பு) கையால் திருகிச் சரிசெய்யுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்ற யூஎஸ்பி கேப்சர் கருவி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர், விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள் போதும். பால் கேசட்டுக்கு 720க்கு 576, 25 பிரேம் என்று வையுங்கள். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்-யுவ் முறையில் மணிக்குச் சுமார் 35 ஜிபி பிடிக்கும். முழு இ-180க்கு 110 ஜிபி ஒதுக்குங்கள். மல்டிசிஸ்டம் டெக்கில் என்டிஎஸ்சி கேசட் போட்டுப் படம் உருண்டாலோ நிறம் போனாலோ, டெக் “பால் 60” (என்டிஎஸ்சி படத்தைப் பால் நிறத்தோடு தரும் கலப்பு வடிவம்) அனுப்புகிறது என்று அர்த்தம். டெக்கின் வெளியீட்டை என்டிஎஸ்சி 3.58க்கு மாற்றுங்கள், அல்லது கருவியில் பால் 60 தேர்ந்தெடுங்கள்.

பத்து நிமிஷத்தில் வாயும் வசனமும் பிரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் விடுபட்ட பிரேம்கள். தேய்ந்த நாடாவின் சிக்னல் ஆடும்போது கருவி பிரேமைத் தவறவிடும், ஒலி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டெக்குக்கும் கருவிக்கும் நடுவே பானசோனிக் இஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக அனுப்பினால் சிக்னல் நிதானப்படும்.

இனிப் பலரும் கெடுக்கும் இடம்: எல்லாவற்றுக்கும் ஒரே டீஇன்டர்லேஸ் (ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்த பாதிப் படங்களை முழுப் படமாக்குவது) போடுவது. அக்காலக் கார்ட்டூன்கள் விநாடிக்கு 24 பிரேம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. என்டிஎஸ்சி கேசட்டில் ஃபிலிமின் ஒவ்வொரு 4 பிரேமும் 5 ஆக நீட்டப்பட்டிருக்கும். நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள்: ஐந்தில் 3 சுத்தம், 2ல் சீப்புப் பல் மாதிரி கோடு. அதற்கு டீஇன்டர்லேஸ் வேண்டாம், அந்த நீட்டலை நீக்கும் இன்வர்ஸ் டெலிசினே போட்டால் விநாடிக்கு 23.976 பிரேமுக்குத் திரும்பும். இந்தச் சோதனையைப் பாத்திரம் பேசும் காட்சியில் செய்யாதீர்கள். ஒரே ஓவியம் இரண்டு பிரேம் நிற்பதால் கண் ஏமாறும். பின்னணி பக்கவாட்டில் நகரும் காட்சிதான் சரி.

ஃபிலிமிலிருந்து நேராகப் பாலுக்கு மாற்றியதென்றால் 24 பிரேம் 25ஆக ஓடும். 22 நிமிஷக் கதை 21 நிமிஷச் சொச்சத்தில் முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். 0.96 வேகத்துக்குக் குறைத்தால் அசல் குரல் கிடைக்கும். ஆனால் இங்கே வளர்ந்த காதுக்கு அந்தக் கீச்சுக் குரல்தான் அசல், அதனால் மாற்றாத கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களை வெட்டவே வேண்டாம். மலாய் சப்டைட்டிலும் சேனல் முத்திரையும் டிவிடியில் கிடைக்காதவை. கேசட்டின் வயதையும் அவைதான் சொல்லும். டிவி3 முத்திரை இருந்தால் 1984க்கு முன்னால் எடுத்திருக்க முடியாது, என்டிவி7 என்றால் 1998க்கு முன்னால் இல்லை.

விசிடிகளுக்கு இத்தனை பாடு கிடையாது. எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டரில் இருக்கும் டேட் (.DAT) வீடியோக் கோப்பை இழுத்துப் போட்டால் பாதியில் பிழை காட்டலாம். விசிடியின் வீடியோப் பகுதியில் சாதாரண டேட்டா சிடியில் உள்ள பிழைதிருத்தம் குறைவு, அதனால் சின்னக் கீறலும் பெரிதாகத் தெரியும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளில் முழு டிஸ்க்கையும் பிம்பமாக (அப்படியே முழு நகலாக) எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊசித்துளை தெரியும் டிஸ்க்கை முதலில் எடுங்கள், அது நாளுக்கு நாள் மோசமாகும். மாற்றும்போது ஒலியை மோனோவாக்காதீர்கள்: சில விசிடிகளில் இடது ஸ்பீக்கரில் ஒரு மொழி, வலதில் வேறு மொழி.