போனில் பேசுவது நீங்கள், பதிவில் பேசுவது யார்?

இட்லிப் பொடி விற்கும் ஒரு அக்காவுக்கு போன் போட்டு, பொடி இருக்கா என்று கேளுங்கள். "இருக்கும்மா. இந்தத் தடவை மிளகாய் கொஞ்சம் காரம் தூக்கலா வந்திருக்கு. பிள்ளைங்களுக்குன்னா நல்லெண்ணெய் கூட ஊத்திக்கோ. எள்ளு போட்டது வேணுமா, போடாததா?" என்பார். அதே அக்கா அன்று சாயங்காலம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவது இது: "தரமான மூலப்பொருட்களைக் கொண்டு பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட சுவையான, ஆரோக்கியமான இட்லிப் பொடி. இன்றே முந்துங்கள்!"

போனில் கேட்டவர் கால் கிலோ சொல்லியிருப்பார். ஸ்டேட்டஸைப் பார்த்தவர் கட்டை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்.

சிறு தொழில் செய்கிறவர்கள் எழுத்தில் தங்களுக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். கேட்பவர்களும் அதை எங்கெங்கோ தேடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிப்பேருக்கு மேல் அந்தக் குரல் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத உட்கார்ந்ததும்தான் ஓடி ஒளிந்துகொள்கிறது. அப்படித் தொலைகிற இடங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

கம்பெனி வேஷம்

"எங்கள் வாடிக்கையாளர் சேவைக் குழு விரைவில் உங்களைத் தொடர்புகொள்ளும்." அந்தக் குழு யாரென்று பார்த்தால், கடைக்காரரும் லீவுக்கு வந்திருக்கும் தங்கச்சி மகளும். சின்ன ஆள் என்று தெரிந்தால் நம்பிப் பணம் போடமாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். பயம் நியாயமானது, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் இன்ஸ்டாகிராம் கடைகளால் எல்லோருக்கும்தான் கெட்ட பேர். ஆனால் அதற்கு மருந்து பெரிய வார்த்தை இல்லை. கடை எந்தத் தெருவில், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) கொடுத்த 14 இலக்க எண் என்ன, சரக்கு உடைந்து வந்தால் யார் பொறுப்பு என்பதைச் சொன்னால் போதும். "திங்கள், வியாழன் ரெண்டு நாள்தான் கொரியர் போடுவோம்" என்ற வரியைப் பெரிய கம்பெனி எழுதாது. அதனாலேயே அதை நம்பத் தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் என்றால் "நான்" என்றுதான் எழுத வேண்டும் என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவரும் "நாங்க அனுப்பிடுவோம்" என்றுதான் நம் ஊரில் பேசுவார். அதில் வேஷம் ஒன்றும் இல்லை.

எந்தத் தமிழ்?

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கட்டாயம் வரும் சிக்கல் இது. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று வளர்ந்தவர்கள் நாம். பேனா எடுத்தால் பள்ளிக்கூடக் கட்டுரை வந்துவிடுகிறது: "தாங்கள் எங்களிடம் கொள்முதல் செய்தமைக்கு நன்றி." மளிகைக் கடையில் யாரும் கொள்முதல் செய்வதில்லை, சாமான் வாங்குகிறார்கள்.

இதிலிருந்து தப்பிக்க நினைப்பவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். யூடியூபில் கேட்ட பேச்சை எடுத்துப் போட்டுக்கொள்வது. "வணக்கம் மக்களே, செம்ம மாஸ் கலெக்‌ஷன் இறங்கிருக்கு!" என்று எழுதுகிறவர் நேரில் அமைதியே உருவான ஐம்பது வயது மனிதராக இருப்பார். நேரில் கடைக்கு வந்தவருக்கு, வேறு ஆளிடம் வந்துவிட்டோமோ என்று சந்தேகமே வந்துவிடும்.

நான் சொல்லும் வழி எளிது. லேபிள், விலைப்பட்டியல், கட்டண விவரம், ரிட்டர்ன் விதி ஆகியவை எழுத்துத் தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களாக இருக்கட்டும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் குழப்பம் வரக்கூடாது. ஸ்டேட்டஸ், காப்ஷன், வாட்ஸப் பதில் எல்லாம் பேச்சுத் தமிழில். அதிலும் எவ்வளவு பேச்சு என்பதில் ஒரு அளவு உண்டு. "இருக்கு", "வாங்க", "அனுப்பிடுறோம்" வரை எல்லோரும் தடங்கலில்லாமல் படிப்பார்கள். வட்டாரப் பேச்சின் ஒவ்வொரு இழுவையையும் எழுத்தில் கொண்டுவரப் பார்த்தால் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும், கேலி செய்வது போலவும் ஆகிவிடும். சில ஊர்களில் "அனுப்பிருவோம்" என்பார்கள், சில ஊர்களில் "அனுப்பிடுவோம்" என்பார்கள். உங்கள் வாயில் எது வருகிறதோ அதை எழுதுங்கள், ஊர் வாசனைக்கு அது போதும்.

வாட்ஸப் பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பும் செய்தி, உங்கள் நம்பரை போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதாவது ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களுக்கு. அவர்களிடம் போய் மேடைத் தமிழ் பேசுவானேன்?

"தரமான, சுவையான, ஆரோக்கியமான"

இந்த மூன்று சொற்களையும் எல்லாக் கடைக்காரர்களும் எழுதுகிறார்கள், கலப்படம் செய்கிறவரும் எழுதுகிறார். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதும்போதுதான் அது உங்கள் எழுத்தாகிறது. கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம். "100% சுத்தமான உடன்குடி கருப்பட்டி, சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று எத்தனையோ பதிவுகள். கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான்; சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பொய் என்பது ஒரு பக்கம். தவறான உணவு விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. 2018இல் வந்த விளம்பர விதிமுறைகள் "இயற்கையான", "தூய", "பாரம்பரியமான" போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கே நிபந்தனை போடுகின்றன. 2024 ஜூனில் பழச்சாறு டப்பாக்களிலிருந்து "100% பழச்சாறு" என்ற வாசகத்தை எடுக்கச் சொன்னது எஃப்எஸ்எஸ்ஏஐ. பெரிய கம்பெனிகளையே விடவில்லை.

சரி, வேறு என்ன எழுதுவது? கருப்பட்டி வியாபாரியிடம் பத்து நிமிஷம் பேசினால் விஷயம் கொட்டும். பதநீர் இறங்குவது வருஷத்தில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் வருவது இருப்பு வைத்த சரக்கு. பதநீர் புளிக்காமல் இருக்க கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் கருப்பட்டியைக் கரைத்தால் அடியில் கொஞ்சம் படியும். மழைக்காலத்தில் கட்டி கசியும். இதையெல்லாம் வைத்து இப்படி எழுதலாம்:

"இது போன சீசன் சரக்கு. மழை நேரம், டப்பாவைத் திறந்தா லேசா கசிஞ்சிருக்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. காத்துப் புகாம மூடி வைங்க. காபிக்குப் போடும்போது கரைச்சு வடிகட்டிக்கோங்க."

இதில் ஒரு பாராட்டுச் சொல் கூட இல்லை. ஆனால் சரக்கு தெரிந்தவர் பேசுகிறார் என்று படிப்பவருக்குத் தெரிகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது, செக்கு எண்ணெயில் அடிமண்டி ஏன் தங்குகிறது, சுங்குடிச் சேலையை முதல் தடவை ஏன் தனியாக அலச வேண்டும் என்பவையும் இந்த வகைதான். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்கான பதிவு அதிலேயே இருக்கிறது.

"பாட்டி கைப்பக்குவம்" பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரு பாட்டி இருந்தார். உங்கள் பாட்டி மல்லியை எந்த நிறம் வரும்வரை வறுக்கச் சொன்னார் என்று எழுதினால் அவர் உங்கள் பாட்டி. இல்லாவிட்டால் அவர் விளம்பரப் பாட்டி.

செயலி எழுதிக் கொடுப்பது

இப்போது காப்ஷனைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. "ஒவ்வொரு துளியிலும் பாரம்பரியம்", "உங்கள் சமையலறையின் நம்பகமான தோழன்" என்று வந்தால் எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர்களும் இப்போது கண்டுபிடித்துவிடுகிறார்கள். எண்ணெய், ஊறுகாய், மெழுகுவர்த்தி என எதைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே வரிதான். தட்டச்சு வராது என்பதுதான் பிரச்சினை என்றால் போனில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சொல்வது போல நினைத்துக்கொண்டு பேசுங்கள், பிறகு பாதியை வெட்டுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் செயலியைக் கூப்பிடலாம்.

கூப்பிடும் விதம்

வாடிக்கையாளரை எல்லாம் "டியர்", "செல்லம்", "சிஸ்" என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அறுபது வயது அம்மா ஒருவர் சேலைக்கு விலை கேட்டால் "ஹாய் டியர்" என்று பதில் போகிறது. பெயர் தெரிந்தால் பெயரோடு "அம்மா", "அக்கா", "சார்". தெரியாவிட்டால் வெறும் "ங்க" போதும். "சொல்லுங்க", "பாருங்க" என்பதிலேயே மரியாதை வந்துவிடுகிறது. விலை கேட்டவரை "இன்பாக்ஸ் வாங்க" என்று இழுப்பதும் வேண்டாம், விலையைச் சொல்லிவிடுங்கள்.

புகார் வரும்போதுதான் சொந்தக் குரல் முதலில் ஓடுகிறது. எண்ணெய் பாட்டில் ஒழுகி அட்டைப்பெட்டி நனைந்த போட்டோவை ஒருவர் அனுப்புகிறார். பதில்: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது." தாலுகா ஆபீஸ் கடிதத்தைப் பார்த்த மாதிரி அவர் கோபம் இன்னும் ஏறும். இப்படி எழுதிப் பாருங்கள்: "போட்டோ பாத்தேங்க. மூடி லூசா இருந்திருக்கு, தப்பு எங்க பக்கம்தான். வியாழக்கிழமை வேற பாட்டில் அனுப்பிடுறேன். ஒழுகின பாட்டிலை நீங்க திருப்பி அனுப்ப வேண்டாம்." பார்த்தாயிற்று, காரணம் இது, இன்ன நாளில் சரியாகும், உங்களுக்கு வேலை இல்லை. நான்கும் சொல்லியாயிற்று. தப்பு உங்கள் பக்கம் இல்லாதபோதும் இதே தொனிதான்: "கொரியர்ல நசுங்கியிருக்கு போல, நான் கேட்டுட்டு நாளைக்குள்ள சொல்றேன்." சொன்ன நாளில் சொல்லிவிடவும் வேண்டும்.

வியாபாரம் வளர்ந்து, பதில் போட ஆள் வைத்தபிறகு இன்னொரு தொல்லை. புதிதாக வந்த பெண் நல்லபடி எழுத வேண்டும் என்று மறுபடியும் "தாங்கள்" என்று ஆரம்பிப்பாள். அவளிடம் விதிகளை எழுதிக் கொடுப்பதைவிட, நீங்கள் அனுப்பிய பழைய பதில்களில் நல்லதாக ஒரு இருபதை எடுத்துக் கொடுங்கள்: விலை கேட்டவருக்குச் சொன்னது, ஸ்டாக் இல்லை என்றது, கடன் கேட்டவருக்கு மறுத்தது, விலையை ஏற்றியபோது அனுப்பியது. முதல் வாரம் அவள் எழுதுவதை அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.