ஸ்டிக்கர் தொழிலுக்குப் பழைய பிரிண்டர் வாங்கும்போது

விலையைக் கேட்பதற்கு முன் என்ன மை என்று கேளுங்கள். டை மை (சாயம் கரைந்த மை) பளிச்சென்று இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பாட்டிலில் ஒட்டும் ஸ்டிக்கர் என்றால் நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த பிக்மென்ட் மைதான் சரி, இல்லையென்றால் மேலே லேமினேஷன் போட்டே ஆக வேண்டும். லேசர் பிரிண்டரில் இங்க்ஜெட் பிரிண்டருக்கான வினைலை, அதாவது பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாளைப் போடாதீர்கள், சூட்டில் இளகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் நேரில் போய் நாசில் செக், அதாவது மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம் எடுத்துப் பாருங்கள். கோடுகள் விட்டுவிட்டு வந்தால் ஹெட் (மை தெளிக்கும் பகுதி) கிளீனிங் ஓடவிட்டு மறுபடி எடுங்கள், அப்போதும் அதே இடத்தில் இடைவெளி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள், ஹெட் மாற்றும் செலவு பழைய பிரிண்டரின் விலையையே தாண்டிவிடலாம். கையோடு உங்கள் ஸ்டிக்கர் தாளையும் கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் தாள் போடும் மாடலில் தடித்த தாள் அதிகம் வளையாமல் போகும்.