ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்ளேஷன்: போகும் முன்னும் வீடு திரும்பிய பின்னும்

நாடி தாறுமாறாக ஓடுகிறது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் அதிரும் துடிப்புக் கோளாறு) என்று வந்துவிட்டது. மருத்துவர் கதீட்டர் அப்ளேஷன், அதாவது மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திக் கோளாறான மின்பாதையைத் தழும்பிட்டுத் தடுக்கும் சிகிச்சை, செய்யலாம் என்கிறார். அந்தக் கட்டத்தில் இருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் எழுதியது இது. கோளாறு எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால், சிகிச்சையில் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார்கள் என்பது தானே விளங்கும்.

கோளாறு பிறக்கும் இடம்

ஓய்வில் இருக்கும்போது வலது மேலறையின் உச்சியிலுள்ள சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டல் தரும். ஃபிப்ரிலேஷனில் மேலறைத் தசை நிமிடத்துக்கு 350 முதல் 600 அலைகளில் வெறுமனே அதிரும், சுருங்கி ரத்தத்தைத் தள்ளாது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி கணு பல அலைகளை மறித்துவிடுகிறது. இருந்தும் மருந்து எடுக்காதவருக்குக் கீழறை 100, 160 என்று ஒழுங்கில்லாமல் ஓடும். படபடப்பும் மூச்சுவாங்கலும் அதனால்தான்.

தூண்டுவது எது? 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்து, திடீர்த் துடிப்புகள் கிளம்பிய 69 புள்ளிகளில் 65 நுரையீரல் சிரைகளுக்குள் இருப்பதைக் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு நான்கு நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. சேரும் இடத்தில் மேலறைத் தசை, சட்டைக் கை போலச் சிரைச் சுவர்மேல் ஓரிரு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். அந்தத் தசையிலிருந்து தப்பிக் கிளம்பும் மின்துடிப்புதான் மேலறையை மூட்டிவிடுகிறது. அப்ளேஷனின் அடிப்படை வேலை, சிரை வாய்களைச் சுற்றி மின்சாரம் கடக்க முடியாத தழும்பு வளையம் போடுவது.

காலம் தாழ்த்தினால் நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். 1995-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஆடுகளின் மேலறையில் ஃபிப்ரிலேஷனை விடாமல் மூட்டிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சில நொடிகளில் நின்றுபோனது, இரண்டு வாரங்களில் பெரும்பாலான ஆடுகளில் ஒரு நாளையும் தாண்டி நீடித்தது. தசை மீண்டும் தூண்டப்படத் தேவையான ஓய்வுநேரம் குறுகுகிறது. மாதக்கணக்கில் போனால் நார்த்திசு படிகிறது. அதன்பின் சிரை வாய்களைச் சுற்றி மட்டும் வளையம் போட்டால் போதாமல் போகலாம். ஏழு நாளுக்குள் அடங்கிவிடும் வகைக்கு அப்ளேஷன் நன்றாகப் பலிக்கிறது. ஓராண்டுக்கு மேல் விடாமல் நீடிப்பதற்குப் பலன் குறைகிறது. தொந்தரவு இருந்து, செய்வதற்குத் தகுதியும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

முன்னேற்பாடு

முதல் கவனம் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தில். அதிரும் மேலறையில் ரத்தம் தேங்கும், குறிப்பாக இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பையில். அங்கே ரத்தம் கட்டியாக உறைந்திருக்கும்போது கதீட்டர் போனால் அது பெயர்ந்து மூளைக்குப் போகும். எனவே குறைந்தது மூன்று வாரம் ஒரு வேளை விடாமல் மருந்து எடுத்திருக்க வேண்டும். வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை எண்) 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். ரிவராக்ஸபான் 15 அல்லது 20 மி.கி. மாத்திரையை உணவோடு விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு முழுதாக உறிஞ்சாது. ஒரு வேளை தவறியிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். உணவுக்குழாய் வழியே எக்கோ (ஒலியலைப் படம்) எடுத்துப் பையில் உறைவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

அறுவைசிகிச்சை என்றாலே இந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று பலர் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். அப்ளேஷனுக்கு இது பொருந்தாது: பெரும்பாலும் நிறுத்தாமலே செய்கிறார்கள், அல்லது அன்று காலை ஒரு வேளை மட்டும் தவிர்க்கச் சொல்கிறார்கள். நீரிழிவுக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பட்டினி இருக்கும் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். இல்லையென்றால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும்.

உள்ளே நடப்பது

மயக்கம் கொடுத்தபின் தொடை இடுக்குச் சிரையில் ஊசி வைத்துக் குழாய்களை வலது மேலறை வரை ஏற்றுவார்கள். அங்கிருந்து இடதுபக்கம் போக, மேலறைகளுக்கு நடுச்சுவரில் மெல்லிய பள்ளமான இடத்தைத் துளைக்க வேண்டும். மிக நிதானம் வேண்டிய படி இது; ஊசி இடம் மாறினால் பெருந்தமனியோ மேலறைச் சுவரோ கிழியும். ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தை ஏற்றி, ரத்தம் உறையும் நேரம் 300 நொடிக்குக் கீழே இறங்காமல் அவ்வப்போது சோதிப்பார்கள்.

தழும்பு போட மூன்று வழிகள் உண்டு. ரேடியோ அலைச் சூட்டில் புள்ளி புள்ளியாகச் சுட்டு வளையத்தை மூடுவார்கள். இரண்டு புள்ளிக்கு நடுவில் இடைவெளி விட்டால் மின்சாரம் அங்கே திரும்ப நுழையும். இடது மேலறையின் பின்சுவரை அழுத்திச் சுட்டால், ஒட்டியே ஓடும் உணவுக்குழாய் வெந்துபோகும். குளிர் பலூன் முறையில் சிரை வாயைப் பலூனால் அடைத்து, பெரும்பாலும் மூன்று முதல் நான்கு நிமிடம் உறையவைப்பார்கள். வலப்பக்கச் சிரைகளில், மூச்சிழுக்கும் உதரவிதானத் தசையை இயக்கும் நரம்பு அருகிலேயே ஓடுவதால், அதைத் தூண்டிக்கொண்டே உறையவைத்து, உதரவிதானத் துடிப்பு தளர்ந்த கணமே நிறுத்திவிடுவார்கள். புதிய வழி மின்துடிப்பு அப்ளேஷன். மிகக் குறுகிய உயர் மின்னழுத்தத் துடிப்புகள் இதயத்தசைச் செல்களின் சவ்வைத் துளைக்கின்றன. உணவுக்குழாயும் நரம்பும் இதில் பெரிதும் தப்பிக்கின்றன. ஆனால் ரத்தச் சிவப்பணு சிதைவும், இதயத் தமனி சுருக்கமும் கவனிக்க வேண்டியவை.

எந்த வழியானாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான்: மேலறையிலிருந்து சிரைக்குள்ளும், சிரையிலிருந்து மேலறைக்கும் மின்துடிப்பு கடக்கவே கூடாது.

வீடு திரும்பிய பின்

சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனையிலேயே இடுப்புக்குக் கீழே அசையாமல் சில மணி நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் கனம் தூக்காதீர்கள். துளையிட்ட இடத்தில் நீலம் பாய்வது சகஜம். வீக்கம் பெருகினாலோ, ரத்தம் கசிந்தாலோ இறுக்கி அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறலும் தலைசுற்றலும் வந்தால் இதய உறைக்குள் ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நினைவில் வைக்க வேண்டியது இது. ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் செயலிழப்பு, குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அப்ளேஷன் செய்ததைச் சொல்லி அவசர சிகிச்சைக்குப் போங்கள். உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் நடுவில் துளை விழுந்திருக்கலாம். மிக அரிது, ஆனால் விட்டுவிட்டால் உயிர் போகும். நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி செய்யக் கூடாது: அதில் ஊதும் காற்று துளை வழியே மூளைக்குப் போய்விடும்.

முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு திரும்ப வரலாம். காயம்பட்ட தசை ஆறும் காலம் அது. அதை வைத்துத் தோல்வி என்று முடிவுகட்ட வேண்டாம், ஈசிஜி மட்டும் எடுத்து வையுங்கள். அதற்குப் பின்னும் வந்தால், பெரும்பாலும் ஏதோவொரு சிரையில் மின்தொடர்பு மீண்டிருக்கும். இரண்டாம் முறை செய்ய வேண்டி வரலாம். எடை, ரத்த அழுத்தம், மது, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு ஆகியவற்றைக் கவனிக்காமல் விட்டால் நல்ல அப்ளேஷனும் நிலைக்காது.

உறைவுத் தடுப்பு மருந்தைக் குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும். அதன்பின் நிறுத்துவதா என்பதைத் துடிப்பு சீராகிவிட்டதா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. பக்கவாத அபாயத்தைத்தான் பார்க்க வேண்டும்; அதைப் புள்ளி போட்டுக் கணிக்கிறார்கள். இதயச் செயலிழப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வயது என ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 75 வயதைத் தொட்டாலோ, முன்பு பக்கவாதம் வந்திருந்தாலோ இரண்டு. கூட்டினால் இரண்டோ மேலோ வந்தால், நாடி எவ்வளவு சீராக ஓடினாலும் மருந்து தொடர்வதே பொதுவான பரிந்துரை.