பார்ட்டி பேரைச் சட்டென்று தேட: லிஸ்டா, டிக்‌ஷனரியா?

பைத்தானில் சிஎஸ்வி ஃபைலைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிவு. எடுத்துக்காட்டுக்கு எங்கள் பக்கத்துத் தேங்காய் மண்டியையே வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் ஏற்றும் லோடு கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று போகும். பில் போடும்போதெல்லாம் பார்ட்டியைத் தேடி, பழைய பாக்கியை எடுக்க வேண்டும்.

படி 1. எதை வைத்துத் தேடப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். முழுப் பேரா, பேரின் முதல் இரண்டு எழுத்தா, தேதிக்குள் தேதியா (ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதி வரை)? எந்த அமைப்பு என்பதை இதுதான் முடிவு செய்யும்.

படி 2. முழுப் பேர் என்றால், ஒரு பேருக்கு ஒரு மதிப்பு என்று ஜோடியாக வைக்கும் டிக்‌ஷனரி. வேறு யோசனையே வேண்டாம். லிஸ்டில் தேடினால் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும். பார்ட்டி 10,000, பில் 50,000 என்றால், மோசமான நிலையில் 50 கோடி ஒப்பீடு. டிக்‌ஷனரி பேரிலிருந்து ஒரு ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு நேராக அந்த இடத்துக்கே போய்விடும். பார்ட்டி கூடினாலும் நேரம் பெரும்பாலும் கூடாது. ஆனால் டிக்‌ஷனரியை பில் போடும் லூப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை கட்டுங்கள். உள்ளே கட்டினால் லிஸ்டே தேவலை.

பேர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் செட்.

படி 3. இங்கேதான் நிதானம் வேண்டும். ‘பொள்ளாச்சி’ என்று தேடினால் இல்லை என்று சொல்லும். ஃபைலைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கும். நீங்கள் அடித்த பேருக்கும் ஃபைலில் இருக்கும் பேருக்கும் லென் போட்டுப் பாருங்கள்: ஒன்று 10, மற்றது 11. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஹேஷுக்கோ இரண்டும் வேறு வேறு சொல். எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையில் ஊர்ப்பேர்களைப் பாருங்கள்: கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, கோபாலபுரம், கோவிந்தாபுரம். ஒன்றுகூடத் தப்பாது!

யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்று கொடுத்தால் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இதை ஒரு சின்ன ஃபங்ஷனாக எழுதி, டிக்‌ஷனரியில் போடும்போதும் தேடும்போதும் அதன் வழியாகவே பேரை அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பிரயோஜனமில்லை. முன்பின் இடைவெளிக்கு ஸ்ட்ரிப்பையும் அதிலேயே சேர்த்துவிடலாம். ஆனால் காப்பி பேஸ்டில் ஒட்டிக்கொண்டு வரும் அகலமில்லாத குறிகளை ஸ்ட்ரிப் எடுக்காது; ரீப்ளேஸ் போட்டுத்தான் நீக்க வேண்டும். ‘ஔ’ குறிக்குப் பதில் ள எழுத்தை அடித்திருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது.

படி 4. ‘கொ’ என்று அடித்ததும் பேர்கள் வரிசையாக வர வேண்டுமென்றால் டிக்‌ஷனரி உதவாது. பேர்களை சார்ட் செய்து வைத்து, பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் பயன்படுத்துங்கள். 10,000 பேரில் 14 ஒப்பீட்டுக்குள் இடம் கிடைத்துவிடும். அந்த வரிசை நம் அகர வரிசையாக இருக்காது. ன எழுத்து கடைசியில் வராமல் ந-வுக்கு அடுத்தே நிற்கும். தேடலுக்கு அதனால் பாதகமில்லை, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் மண்டிக்காரர் முகம் சுளிப்பார். தேதிக்குள் தேதிக்கும் இதே வழிதான். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருக்க வேண்டும்.

கணக்கு கம்ப்யூட்டரை அணைத்தாலும் நிற்க வேண்டுமா? ஒரே ஃபைலில் இயங்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட் (SQLite) போதும், தேடும் பத்திக்கு (column) ஒரு இண்டெக்ஸ் போடுங்கள். ஒரு மண்டிக்கு ரெடிஸ் என்ற தனி டேட்டாபேஸ் சர்வர் வைக்கச் சொல்பவர்களிடம் காது கொடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: ஒரே பேரில் இரண்டு பார்ட்டி இருந்தால் முதல் ஆளின் பாக்கி காணாமல் போகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். போகத்தான் செய்யும், ஒரு கீக்கு (தேடும் பேருக்கு) ஒரு மதிப்புதான், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும், எரரும் காட்டாது. பேரையும் ஊரையும் சேர்த்து, மாற்ற முடியாத தொகுப்பான டியூப்பிளாக்கிக் கீயாகக் கொடுங்கள். லிஸ்டாகக் கொடுத்தால் பைத்தான் ஏற்காது. ஊரும் ஒன்றே என்றால் போன் நம்பர்தான் கீ.