பழைய ஸ்ப்ளெண்டருக்குக் குறைந்த செலவில் டயர்: பணம் கொடுக்கும் முன் டயரை வாசியுங்கள்

அப்பா 2003-ல் வாங்கிய ஸ்ப்ளெண்டர்தான் இன்றும் என்னிடம் ஓடுகிறது. தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை போய்த் திரும்புகிறேன். முதன்முதலாக அதற்கு டயர் மாற்றியபோது கடையில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, இருக்கறதுலயே விலை கம்மி எது?" எடுத்துக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பார்க்கக் கருகருவென்று நன்றாகத்தான் இருந்தது. எட்டே மாதத்தில் டயரின் பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் விழுந்தன. ஒருநாள் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்கார அண்ணன் ஈரத்துணியால் டயரின் ஓரத்தைத் துடைத்து, அங்கே அச்சாகியிருந்த நான்கு எண்களைக் காட்டினார். "தம்பி, நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே இது அஞ்சு வருஷம் குடோன்ல கெடந்திருக்கு."

அந்த எண் நான் வாங்கிய நாளிலும் அங்கேதான் இருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. முதல்முறை டயர் வாங்கப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் வண்டியையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். முறை எல்லாப் பழைய வண்டிகளுக்கும் ஒன்றுதான்.

படி 1: மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். பட்டன்களுக்கு (சாலையில் படும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே உள்ள பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு குறுக்கே போகும். அது எங்கே இருக்கிறது என்று காட்ட, டயரின் பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ' என்ற எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் மோட்டார் வாகன விதிப்படி இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் அதுவரை காத்திருப்பதில்லை. அந்த அளவில் இருக்கும் டயர் வெயிலில் சமாளிக்கும், ஐப்பசி மழையில் வழுக்கும். அதனால் மாற்றுவதென்றால் புரட்டாசிக்குள் மாற்றிவிடுவேன்.

பட்டன் நிறைய இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள் உண்டு. பக்கவாட்டில் வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் புடைப்பு, உள்ளே இருக்கும் நூல் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் அதிகம் ஓடாமல் நிற்கும் பழைய வண்டிகளில் இதுதான் பெரும்பாலும் நடக்கும். டயர் தேய்ந்திருக்காது, காய்ந்திருக்கும்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் டயரைப் பார்ப்பார்கள். அந்தத் தேதி நெருங்குகிறதென்றால் இரண்டு வேலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

படி 2: அளவை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்

பழைய ஸ்ப்ளெண்டரில் முன்னும் பின்னும் 2.75-18 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலம்தான். யமஹா ஆர்.எக்ஸ் 100 என்றால் முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. பழைய புல்லட்டுக்கு 3.25-19. புதிய வண்டிகளில் 80/100-18 என்பது போல எழுதியிருப்பார்கள். அதில் அகலம் 80 மில்லிமீட்டர், டயரின் உயரம் அந்த அகலத்தில் நூறு சதவீதம், ரிம் 18 அங்குலம் என்று பொருள்.

இப்போது வரும் ஸ்ப்ளெண்டரில் இந்த 80/100-18 தான். பழைய வண்டிக்கும் அதைப் போடச் சொல்வார்கள். 2.75-18 இன்னும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. கிடைக்கிறவரை கம்பெனி கொடுத்த அளவிலேயே இருங்கள். அகல டயர் போட்டால் கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் குறுகிய ரிம்மில் அகல டயர் சரியாக உட்காராது, செயின் கவரில் உரசலாம், 100 சிசி இன்ஜினுக்கு இழுவையும் மைலேஜும் குறையும். செலவைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு அது ஏற்ற வழியே இல்லை.

முன்பு வண்டி வைத்திருந்தவர் தப்பான அளவைப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. எனவே வண்டியில் இப்போது இருக்கும் டயரை மட்டும் நம்பாமல், வண்டியோடு வந்த கையேட்டையும் பாருங்கள்.

படி 3: அளவு ஒன்றுதான், ஆனால் முன் டயர் வேறு, பின் டயர் வேறு

ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பேன். இரண்டும் 2.75-18 தானே என்று எதை வேண்டுமானாலும் எதிலும் மாட்டிவிடுகிறார்கள். அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். முன் டயரில் 42பி, பின் டயரில் 48பி. அந்த எண் டயர் தாங்கும் எடைக்கான குறி. 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ. கூட இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. 'பி' என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர், நம் வண்டிக்கு அது தாராளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி ஏறக்குறைய 110 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னொரு 140 கிலோ. மொத்தம் 250. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதில் மூன்றில் இரண்டு பங்கு வரை பின் சக்கரத்தின் மேல்தான் இறங்கும். அதாவது 165 கிலோவுக்கும் மேலே. 150 கிலோ தாங்கும் முன் டயரைப் பின்னால் மாட்டினால் என்ன ஆகும்? வண்டி ஓடத்தான் செய்யும். மனைவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

விலை குறைவு என்று முன் டயரையே இரண்டுக்கும் தர வந்தால் வாங்காதீர்கள். பாதி தேய்ந்த பின் டயரைக் கழற்றி முன்னால் போட்டுக்கொள்ளும் பழக்கமும் நல்லதில்லை. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். முன்னால் போட்டால் வண்டி வளைவில் சரியாகத் திரும்பாது. முன் டயரில் நீளவாக்கில் கோடு கோடாக இருப்பது ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்பதற்காகத்தான்.

படி 4: எங்கே மிச்சப்படுத்தலாம், எங்கே கூடாது

பின் டயர் முன் டயரைவிடச் சீக்கிரம் தேயும். எனவே இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முன் டயர் நல்ல நிலையில் இருந்து, வெடிப்பும் இல்லாவிட்டால் பின் டயரை மட்டும் மாற்றுங்கள். முதல் மிச்சம் அதுதான்.

2.75-18 டயர் ஒன்று சுமார் 1,200 ரூபாயிலிருந்து 1,900 ரூபாய்க்குள் கிடைக்கும். எம்.ஆர்.எஃப், சியட், ஜே.கே, மதுரையில் தயாராகும் டி.வி.எஸ் யூரோகிரிப் என்று பல கம்பெனிகள் இந்த அளவில் போடுகின்றன. ஒவ்வொன்றிலும் விலை குறைந்த ரகம் ஒன்று இருக்கும். அன்றாடம் ஐம்பது அறுபது வேகத்தில் போகும் 100 சிசி வண்டிக்கு அதுவே போதும். நீடித்து உழைக்கும் டயர்களில் ரப்பர் சற்றுக் கடினமாக இருக்கும், ஈரத்தில் பிடிமானம் கொஞ்சம் குறையும். பின்னால் அதை ஏற்றுக்கொள்ளலாம். முன்னால் வேண்டாம். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால்தான் பாயும், முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. கையில் 300 ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை முன் டயருக்குச் செலவழியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர், தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் இரண்டும் வேண்டாம். புதுப்பேட்டையில் நானும் மட்கார்டு, இண்டிகேட்டர் என்று வாங்கியிருக்கிறேன். டயர் மட்டும் வாங்க மாட்டேன். உள்ளே நூல் அறுந்திருந்தால் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரையும் தொடாதீர்கள்.

படி 5: கடையில் வாசிக்க வேண்டிய நான்கு எண்கள்

டயர் கைக்கு வந்ததும் ஒரு துணி வாங்கிப் பக்கவாட்டைத் துடையுங்கள். எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில் நான்கு எண்கள், பெரும்பாலும் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், காணவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர், அதாவது ஜூன் மாதத்தது.

ஆறு மாதத்துக்குள் செய்ததென்றால் மிக நல்லது. ஒரு வருடம் வரை யோசிக்காமல் வாங்கலாம். இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் நான் வாங்குவதில்லை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி. "அண்ணா, இது பழைய தேதியா இருக்கே, புது சரக்கு இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் தேதியைப் பார்க்கத் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டால் உள்ளே போய் வேறு எடுத்து வருவார். பெரிய பெயருள்ள கம்பெனியின் மூன்று வருடப் பழைய டயரா, விலை குறைந்த ரகத்தில் போன மாதம் வந்த டயரா என்றால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஆன்லைனில் வாங்கும்போது இந்த எண்ணை முன்கூட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் டயரை மட்டும் கடைக்குப் போய் வாங்குகிறேன்.

பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் டயரின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். புடைப்பு போன்ற தயாரிப்புக் குறை வந்தால் வாரண்டி கேட்க அது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலை அச்சிட்ட ஸ்டிக்கரைக் காட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: ட்யூபையும் சேர்த்து மாற்றுங்கள்

ஸ்போக்ஸ் ரிம் என்றால் ட்யூப் இல்லாமல் நடக்காது. ஸ்போக்ஸ் துளைகள் வழியே காற்று போய்விடும். கடையில் ட்யூப்லெஸ் டயர்தான் இருக்கிறதென்றால் அளவு சரியாக இருக்கும்பட்சத்தில் உள்ளே ட்யூப் போட்டு ஓட்டலாம். நான்கு பஞ்சர் ஒட்டிய பழைய ட்யூபைப் புது டயருக்குள் திணிக்காதீர்கள். பழைய டயருக்குள் விரிந்து பழகிய ட்யூப் புதியதற்குள் மடிந்து உட்காரும், அந்த மடிப்பிலேயே கிழியும். முந்நூறு ரூபாய் அளவில் முடிகிற விஷயம் இது.

படி 7: மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

டீ குடிக்கப் போய்விடாதீர்கள். சக்கரம் கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் பிரேக் லைனர், வீல் பேரிங், பின் சக்கரத்தின் ஹப் ரப்பர் எல்லாவற்றையும் பார்க்க முடியும். ரிம்மின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டை நைந்திருந்தால் மாற்றுங்கள். பழைய வண்டிகளில் காரணமே தெரியாமல் அடிக்கடி பஞ்சராவது பெரும்பாலும் இதனால்தான், ஸ்போக்ஸ் முனை உள்ளிருந்து குத்தும்.

டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வரட்டும். ட்யூபுக்குள் கொஞ்சம் காற்று ஏற்றி, பவுடர் தூவி, அப்புறம்தான் உள்ளே வைக்க வேண்டும். காற்றே இல்லாத ட்யூப், டயரை நெம்பும் லிவரின் நுனியில் சிக்கிக் கிழிந்துவிடும். வால்வு ரிம்மிலிருந்து நேராக நிற்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உள்ளே ட்யூப் முறுக்கிக்கொண்டிருக்கிறது, பிரித்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

காற்று முழுக்க ஏற்றியதும், ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எங்காவது உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, ஓடும்போது வண்டி குதிக்கும். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். கடைசியாகச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். ரிம் ஆடினால் ஸ்போக்ஸ் இறுக்கி பெண்டு எடுக்க வேண்டும். பின் சக்கரம் என்றால் இரண்டு பக்கச் செயின் அட்ஜஸ்டரும் ஒரே குறியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று முந்தியிருந்தால் சக்கரம் கோணலாகி, புது டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

படி 8: காற்றும் முதல் சில நாட்களும்

முன்னால் 25 பி.எஸ்.ஐ, பின்னால் தனியாகப் போனால் 28, இரண்டு பேர் என்றால் 40. என் வண்டிக்கு நான் வைப்பது இது. உங்கள் வண்டிக்கான அளவு செயின் கவர் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும், அதையே வையுங்கள். காற்று குறைவாக ஓடினால் டயர் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடுவில் தேயும். வாரம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்க்கிறவரின் டயர், பார்க்காதவரின் டயரைவிட நிச்சயம் அதிக நாள் உழைக்கும். செலவே இல்லாத மிச்சம் இது.

புது டயரின் மேல் அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழுவழுப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்க்காதீர்கள், சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள், மழை பெய்தால் இன்னும் கவனம். மாட்டிய மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை காற்றைப் பாருங்கள். நேற்று வைத்ததைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ இறங்கியிருந்தால் வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் சரியாக இறுகவில்லை. குமிழி வராமலேயே காற்று இறங்கியிருந்தால் மாட்டும்போது லிவர் ட்யூபைக் கடித்திருக்கலாம். பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.