பேஷன்ட் வார்மர் டெம்பரேச்சர் செக் பண்றப்ப இதெல்லாம் பாருங்க

பேஷன்ட் உடம்பு குளிர்ந்துடாம ஹாட் ஏர் ஊதுற வார்மரை கேலிப்ரேட் பண்ணப் போறீங்கன்னா (அதாவது செட் பண்ண சூடு சரியா வருதான்னு அளந்து சரிபண்ணப் போறீங்கன்னா) முதல்ல அதை பேஷன்ட் கிட்டருந்து எடுத்துட்டு வந்து "யூஸ் பண்ணாதீங்க"ன்னு டேக் மாட்டிடுங்க. அப்புறம் ஃபில்டரைப் பாருங்க, அது அடைச்சிருந்தா காத்து சரியா வராது, ரீடிங்கே தப்பாயிடும், அதை விட்டுட்டு அட்ஜஸ்ட்மென்ட்ல கை வைக்கவே வைக்காதீங்க.

சர்டிபிகேட் காலாவதி ஆகாத தெர்மாமீட்டர்தான் வேணும். அதோட ப்ரோபை (சூட்டை அளக்குற பகுதி) ஹோஸ் (சூடான காத்து வர்ற குழாய்) முனையில, சர்வீஸ் மேனுவல்ல சொன்ன அதே இடத்துல வைங்க, ஏசி காத்து நேரா படக்கூடாது, ரீடிங் ஆடாம நிக்கிற வரைக்கும் பொறுமையா இருங்க. நிறைய மாடல்ல 32, 38, 43 டிகிரின்னு செட்டிங் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் பாருங்க, எவ்வளவு வித்தியாசம் வரலாம்ங்கறதும் மேனுவல்லயே இருக்கும்.

ரொம்ப முக்கியம் ஓவர் டெம்பரேச்சர் கட்ஆஃப், அதாவது சூடு அளவு மீறினா ஹீட்டரை தானா நிறுத்துற பாதுகாப்பு. மயக்கத்துல இருக்கறவங்களுக்கு சுடுதுன்னு சொல்லத் தெரியாது, 44 டிகிரி கூட மணிக்கணக்கா பட்டா தோல் வெந்துடும். அதனால அலாரம் அடிக்குதா, ஹீட்டர் நிக்குதான்னு டெஸ்ட் பண்ணாம மெஷினை திருப்பிக் குடுக்காதீங்க. குடுக்கும்போது, ஹோஸ்ல மாட்டுற வார்மர் போர்வையை மாட்டாம வெறும் ஹோஸை பேஷன்ட் மேல வைக்கக் கூடாதுன்னு நர்ஸுங்க கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க.