குத்துவிளக்கு துலக்க: முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், பிறகுதான் புளி

புளி போட்டு எவ்வளவு தேய்த்தும் விளக்கு திட்டுத்திட்டாக நிற்கிறதா? குறை புளியில் இல்லை. மேலே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை புளிப்பு பித்தளையைத் தொடாது. நெல்லைப் பக்கம் வாகைக்குளத்தில் வார்த்த விளக்கானாலும் கடையில் வாங்கியதானாலும் இதே கதைதான்.

மரைகளைக் கழற்றி அன்னம், அகல், தண்டு, அடித்தட்டு எனப் பிரித்து வையுங்கள். மரை இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள், நசுங்கிவிடும். அந்த இடத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் உறைந்த எண்ணெய் இளகும். துணியைச் சுற்றிக் கையாலேயே திருகிவிடலாம்.

தேங்கிய எண்ணெயைப் பழந்துணியால் வழித்தெடுத்துவிட்டு, 1 லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து 20 நிமிடம் ஊறவையுங்கள். அலுமினிய ஏனத்தில் செய்யக்கூடாது, சோடா அதை அரித்துவிடும். சித்திர வேலையின் இடுக்குகளுக்குப் பனந்தும்பு பிரஷ்தான் சரி. கம்பி நார் கீறிவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை, மறுபடி ஊறவைக்க வேண்டும். ஒரே படலமாகப் பரவினால் புளிக்கு வரலாம். இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எலுமிச்சை அளவு பழம்புளியை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, 1 தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்து, தேங்காய் நாரால் 5 நிமிடம் தேயுங்கள். களிம்பும் கறுப்பும் கண்ணெதிரே கரையும். ராத்திரி முழுக்கப் பூசி வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. அமிலத்தில் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மேலே நின்று, விளக்கில் இளஞ்சிவப்புத் திட்டு விழும். அப்படி விழுந்தால் மறுபடி புளி போடாமல், துணியில் சலித்த செங்கல் பொடியால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சலிக்காத பொடியில் மணல் இருக்கும், கோடு விழும்.

கழுவியதும் சலித்த வறட்டிச் சாம்பலை ஈரத்தோடு பூசித் தேயுங்கள். சாம்பலின் காரத்தன்மை மிச்சமிருக்கும் புளிப்பை முறிக்கும், அதன் நைசான துகள் தேய்ப்பதால் மினுக்கும் வரும். புளிப்பும் உப்பும் இடுக்கில் தங்கினால் சில நாளிலேயே பச்சை பூக்கும்.

கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம். போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கிற ஊர்களில் ஒரு செம்பு குடிதண்ணீர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தானாகக் காய விடாமல் உடனே வேட்டித் துணியால் துடைத்து, 10 நிமிடம் வெயிலில் வையுங்கள். மரைக்குள் ஈரம் நின்றால் அடுத்த தடவை கழற்ற வராது.

புது விளக்கில் மங்காமலிருக்க அடிக்கும் லாக்கர் என்ற கண்ணாடி போன்ற பூச்சு இருந்தால் சோடாவும் சாம்பலும் அதைத் திட்டாக உரித்துவிடும்; சோப்புத் தண்ணீர் போதும். ஈயம் பூசிய பித்தளை ஏனத்தின் உட்புறத்தில் புளி, சாம்பல், செங்கல் எதையும் கொண்டுபோகாதீர்கள். பூச்சில் இருக்கும் வெள்ளீயம் மென்மையானது. சீயக்காயும் சோறு வடித்த கஞ்சியும் போதும். உள்ளே பித்தளையின் மஞ்சள் நிறம் தெரிய ஆரம்பித்தால் துலக்கிப் பயனில்லை, மறுபடி ஈயம் பூசும்வரை அதில் குழம்பு வைக்காதீர்கள்.